ஃபைபர்கிளாஸ் பாய்மரப் படகுக்குள் பலகை பொருத்துவது எப்படி? படகின் உடலில் நேரடியாக ஸ்க்ரூ போடலாமா?

போடக் கூடாது. படகின் வெளி உடலும் உள்சுவரும் வேறு வேறு. உடல் தண்ணீரைத் தடுக்கிறது. உள்பலகை அதை மறைக்கும் மெல்லிய மேல்தட்டு மட்டுமே. சிறிய படகில் உடலின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். அதில் ஸ்க்ரூ இறக்குவது, தண்ணீர் வாளியில் ஆணி அடித்துத் துண்டு மாட்டுவது போல.

சரி, வேறு வழி? முதலில் உடலின் உள்பக்கத்தில் ரீப்பர் கட்டைகளை (நீளமான மெல்லிய மரச்சட்டங்களை) ஒட்டுங்கள். ஒட்டும் இடத்தில் 80 நம்பர் உப்புத்தாளால் பளபளப்பு போகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, கெட்டியாகக் கலந்த எபாக்சிப் பசையில் கட்டையைப் பதியுங்கள். அது நன்றாக இறுகிய பிறகே பலகை. ஸ்க்ரூ நீளத்தைக் கணக்குப் பாருங்கள்: 6 மி.மீ. பலகை, 20 மி.மீ. கட்டை என்றால் 20 மி.மீ. ஸ்க்ரூ போதும், முனைக்கும் உடலுக்கும் நடுவே 6 மி.மீ. மரம் மிஞ்சும். ஸ்க்ரூ ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். பலகையை மட்டும் ஒட்டிவிடாதீர்கள். ஒயரையோ கசிவையோ பார்க்க என்றாவது கழற்றத்தான் வேண்டும்.

கட்டையால் கிடைக்கும் இடைவெளியும் முக்கியம். மும்பை மழைக்காலத்தில் சுவரை ஒட்டி வைத்த பீரோவின் பின்பக்கம் பூஞ்சை பிடிப்பதை மாதுங்காவிலும் தாராவியிலும் பார்க்காத வீடு குறைவு. படகிலும் அதே கதைதான்: குளிர்ந்த உடலில் ஈரம் வியர்க்கும், காற்று போக வழி வேண்டும். அதனால் மேலும் கீழும் சிறிது திறப்பு விடுங்கள்.

"நீர்மட்டத்துக்கு மேலேதானே, துளை போட்டால் என்ன?" என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் காற்றில் பாய்மரப் படகு சாயும்போது அந்தப் பக்கமும் தண்ணீருக்குள் போகும்.