கறிவேப்பிலைப் புழுவும் ஐந்தாம் வகுப்பும்

அன்புள்ள ஐயா,
ஐந்தாம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகளுக்கு இயற்கையை அறிமுகம் செய்ய நல்ல செயலி, புத்தகங்கள் சொல்லுங்கள். வேடந்தாங்கல் கூட்டிப்போக நிதி இல்லை. பள்ளியில் இருப்பது இரண்டு வேம்பும் ஒரு கறிவேப்பிலையும்தான். அதிலும் புழு விழுகிறதென்று சத்துணவு அக்கா நசுக்கிவிடுகிறார்.
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

செயலி எதுவானாலும் சரி. வேடந்தாங்கலும் எங்கும் ஓடிவிடாது. ஆனால் கடைசி வரியை எழுதிய பிறகும் 'இருப்பது இதுதான்' என்று எப்படிச் சலித்துக்கொண்டீர்கள்? அக்கா நசுக்குவது உங்கள் ஒரு மாதப் பாடத்தை.

அது பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சியின் புழு. இளம் கொழுந்தில் கடுகைவிடச் சிறிய, வெளிர்மஞ்சள் உருண்டையாக முட்டை தனித்தனியே இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். முதலில் தன் முட்டை ஓட்டையே தின்னும். அப்போது பறவை எச்சம் போலிருக்கும் புழு, நான்காம் தோலுரிப்புக்குப் பிறகுதான் பச்சையாகும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவைக்கொம்பை நீட்டும், காட்டமாக வாடை வரும்.

ஒரு லிட்டர் அகன்ற வாய் டப்பா போதும். ஒன்றுக்கு இரண்டு புழு, அதற்குமேல் வேண்டாம். மூடி போடாதீர்கள். வேட்டித் துணியும் ரப்பர் பேண்டும் போதும். மூடி போட்டால் உள்ளே வியர்க்கும், புழு கறுத்துத் தொங்கிச் சாகும். அடியில் செய்தித்தாள் விரித்துத் தினமும் மாற்றுங்கள். கொப்பைச் சின்னத் தண்ணீர்ப் புட்டியில் செருகி, வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். சந்தைக் கறிவேப்பிலை கூடவே கூடாது. மருந்தடித்தது, கழுவினாலும் முழுக்கப் போகாது.

புழுவை விரலால் எடுக்காதீர்கள். அது இருக்கும் இலையோடு நறுக்கிப் புது இலைமேல் வையுங்கள். ஒரு நாள் அசையாமல் கிடந்தால் 'செத்துப்போச்சு மிஸ்' என்பார்கள். தோலுரிக்கப் போகிறது, தொடவிடாதீர்கள். இரண்டு வாரம் போல ஆனதும் தீனியை விட்டு, ஈரமாகக் கழிந்து அலையத் தொடங்கும். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. ஒரு சொரசொரப்பான குச்சியைச் சாய்த்து வையுங்கள். குச்சி இல்லாத வழவழப்பு டப்பாவில் பூச்சி ஏறித் தொங்க முடியாமல் சிறகு சுருங்கிப்போகும். சுமார் பத்து நாளில் பூச்சி வெளிவரும்போது சொட்டும் நீர் வெறும் கழிவு. சிறகு விரிய நீங்கள் உதவவே கூடாது.

சில கூடுகளில் பொடித்துளை விழுந்து, வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வரும். பல ஆசிரியர்கள் அதைத்தான் பிள்ளைகள் வருவதற்குள் குப்பையில் போடுகிறார்கள். உங்களை மன்றாடிக் கேட்கிறேன், மறைக்காதீர்கள். 'குளவி உள்ளே எப்படிப் போச்சு?' என்று ஒரு குழந்தை கேட்கும். உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். இரண்டு நாள் அந்தக் கேள்வி வகுப்பில் கிடக்கட்டும்.

புத்தகம் கேட்டிருந்தீர்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். தேதி, புழுவின் நீளம் மில்லிமீட்டரில், தின்ற இலை எத்தனை என்று பிள்ளைகளே எழுதட்டும்.

அக்காவைத் திட்ட வேண்டாம், குழம்புக்கு இலை வேண்டும் அவருக்கு. கிழக்குப் பக்கத்து நான்கு கொப்பை மட்டும் விட்டுவைக்கச் சொல்லி, அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டுங்கள்.