அழுகைக்கு முந்தைய பத்து நிமிடம்

கேள்வி: ஆட்டிசம் உள்ள எங்கள் ஆறு வயது மகன் திடீரென்று கத்தி அழுகிறான். அதை செல்போனில் படம் எடுத்து வரும்படி தஞ்சாவூரில் பயிற்சி தரும் சிறப்பாசிரியர் கேட்கிறார். நான் போனை எடுப்பதற்குள் அழுகை உச்சத்துக்குப் போய்விடுகிறது. “பிள்ளை அழும்போது படம் பிடிப்பாயா?” என்று மாமியாரும் கோபிக்கிறார். என்ன செய்வது?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அழுகை நமக்குத்தான் ‘திடீரென்று’ வருகிறது, பிள்ளையைப் பொறுத்தவரை அதற்கு முன்பே ஏதோ நடந்துவிட்டிருக்கும். ஒரு நடத்தைக்கு முன் என்ன நடந்தது, பின் என்ன நடந்தது என்பதையும் சேர்த்துப் பதியும் முறையை உளவியலாளர் சிட்னி பிஜோவும் அவருடைய சகாக்களும் 1968-இல் எழுதி வைத்தார்கள். உங்கள் சிறப்பாசிரியருக்கும் அந்த ‘முன்’தான் முக்கியமாகத் தேவைப்படும். அது கைநழுவிப் போகாதிருக்க, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் கில்லியன் ஹேஸ், கிரிகரி அபவுட் ஆகிய ஆய்வாளர்கள் ‘கேர்லாக்’ என்ற கருவியை உருவாக்கினார்கள். சம்பவம் முடிந்த பிறகு ஆசிரியர் பொத்தானை அழுத்தினாலும், அதற்கு முந்தைய சில நிமிடங்களும் சேர்ந்து சேமிக்கப்படும்.

வீட்டுக்கு அவ்வளவு தேவையில்லை. அழுகை வழக்கமாக வரும் வேளைக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போனை ஜன்னல் விளிம்பில் சாய்த்து ஓடவிட்டு, எதுவும் நடக்காவிட்டால் அழித்துவிடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில், தை மாதம் முழுவதும் மாலையில் பிள்ளை அழுததற்கு அறுவடை இயந்திரத்தின் சத்தமே காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். அழும்போது எடுத்த படங்களிலும் அந்தச் சத்தம் கேட்டது. திண்ணையில் போனை வைத்துப் பள்ளி வேன் வருவதற்கு முன்பிருந்தே பதிவு செய்தபோதுதான், சாலையில் நெல் காயப்போட்டிருந்ததால் வேன் வாசலுக்கு வராமல் தெருமுனையிலேயே நின்றதும், இயந்திரம் ஓடாத நாளிலும் பிள்ளை அங்கிருந்தே காதைப் பொத்திக்கொண்டு வந்ததும் தெரிந்தன. வேன் நிற்கும் இடம் மாறியதுதான் பிள்ளையைக் கலக்குகிறது என்று புரிந்து, மறுநாள் முதல், வேன் எங்கே நிற்கும் என்பதைக் காலையிலேயே ஒரு படத்தைக் காட்டிச் சொன்னார்கள். அழுகை ஓரளவு குறைந்தது.

உங்கள் மாமியார் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. அழுகிற முகத்துக்கு நேரே போனை நீட்டக் கூடாது. பிள்ளை தலையை முட்டிக்கொள்ளும்போது படம் எதற்கு, முதலில் அவனைப் பிடியுங்கள். எடுத்த படம் சிறப்பாசிரியருக்கு மட்டும் போகட்டும், குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு வேண்டாம். ஏதாவது செயலியில் ஏற்றச் சொன்னால், படம் எங்கே சேமிக்கப்படும், யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும் படம் எடுக்கவும் முடியாது. அழுகை தொடங்கிய நேரம், ஓய்ந்த நேரம், அதற்குச் சற்று முன் வீட்டில் நடந்தது ஆகியவற்றை அன்றன்றைய தினசரி காலண்டர் தாளின் பின்புறம் குறித்து, கிழித்தெறியாமல் சேர்த்து வைத்தாலே போதும். அந்த வேலையை உங்கள் மாமியாரிடமே கொடுத்துப் பாருங்கள். நீங்கள் அடுப்படியில் இருக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அநேகமாக அவராகத்தான் இருப்பார்.