பார்க் டென்னிஸ் கோர்ட்டுக்கு பெயின்ட் மட்டும் அடிச்சா போதுமா?

கேள்வி: அண்ணே, எங்க பார்க்குல ரெண்டு சிமென்ட் டென்னிஸ் கோர்ட் இருக்கு. தரையெல்லாம் வெடிச்சி புல்லு முளைச்சி, நெட் போஸ்ட் துருப்புடிச்சி சாஞ்சி கெடக்குது. தெருவுல எல்லாரும் காசு போட்டு சரி பண்ணலாம்னு பாக்குறோம். வந்து பாத்த கான்ட்ராக்டர் வெடிப்ப சிமென்ட்டால அடைச்சி பச்ச பெயின்ட் அடிச்சா போதும்னு சொல்றாரு. நம்பலாமா?
– ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பதில்: தம்பி, பெயின்ட்டுக்கு மட்டும் அவசரப்படாதீங்க. கீழ தண்ணி இறங்கி மண்ணு அசையறதாலயும், ஓரத்து மரத்து வேர் தூக்குறதாலயும்தான் பெரும்பாலும் தரை வெடிக்குது, அத விட்டுட்டு மேல பூசினா அடுத்த மழைக்கே அதே எடத்துல கோடு விடும், ஜனங்க போட்ட காசு வீணாப் போயிடும்.

மொதல்ல கோர்ட் முழுக்க தண்ணி விட்டு நனைங்க. வெயில்ல ஒரு மணி நேரம் கழிச்சி போய் தேங்கின எடத்துலல்லாம் ஒரு ரூபா காச வெச்சி பாருங்க, காசு முங்கிச்சின்னா அந்த பள்ளத்த மட்டம் பண்ணியே ஆகணும், அப்பவே சாக்பீஸால வட்டம் போட்டுடுங்க. தண்ணி ஓட 10 அடிக்கு 1 இன்ச் சரிவு வேணும், அதுவும் ஒரே பக்கமா. அந்தப் பக்கம் கால்வாய் அடைச்சிருந்தா அதத்தான் மொதல்ல தூர் வாரணும்.

வெயில்ல தரை விரியும், ராத்திரில சுருங்கும், அதனால சும்மா சிமென்ட் வெச்சி அடைச்சா திரும்ப விட்டுடும். கோர்ட்டுக்குன்னே இழுத்தா இழுபடற அக்ரிலிக் ஃபில்லர் இருக்கு, அத கேளுங்க. வெடிப்போட ஒரு பக்கம் மேல, ஒரு பக்கம் கீழன்னு இருந்தா ஃபில்லரும் நிக்காது, அந்த பாகத்த ஒடச்சி எடுத்து புதுசா கான்கிரீட் போடணும், போட்டு 28 நாளாவது ஆனப்புறம்தான் கோட்டிங். நம்ம வேலூருக்கு பொங்கல் முடிஞ்சி மார்ச்சுக்குள்ள முடிக்கிறதுதான் நல்லது. ஐப்பசி, கார்த்திகைல மழை விடாது, சித்திர வெயில்ல கோட்டிங் பரப்பறதுக்குள்ள காஞ்சிடும்.

ஆடுற எடம் 78க்கு 36 அடிதான், ஆனா ஓடி அடிக்க எல்லாம் சேத்து 120க்கு 60 வேணும், அதுக்குள்ள பெஞ்ச் போட விடாதீங்க. நெட் உயரம் நடுவுல 3 அடி, போஸ்ட்கிட்ட மூணரை. ஒரு கோர்ட்லயாவது வேற கலர்ல 36க்கு 18 அடி கோடு போட்டு வைங்க தம்பி, சின்ன புள்ளைங்க ஆட அதுதான் அளவு, அவங்க வந்தாதான் அந்த எடத்துல திரும்ப ஆள் நடமாட்டம் இருக்கும்.

காசு விஷயம். பார்க் மாநகராட்சியோடதுன்னா எழுத்துல அனுமதி வாங்காம ஒரு ரூபா செலவு பண்ணாதீங்க. நமக்கு நாமே திட்டத்துல ஜனங்க மூணுல ஒரு பங்கு போட்டா மிச்சத்த அரசு போடும், உங்க கவுன்சிலர்கிட்ட இத சொல்லி கேளுங்க. கலெக்டர் ஆபீஸ் உங்க சத்துவாச்சாரிலயேதான இருக்கு, திங்கக்கெழம மனு நாள்ல அந்த சாக்பீஸ் வட்டம் தெரியற மாதிரி போட்டோவ மனுவோட சேத்து குடுங்க.