சொட்டு விட்டும் கணக்கு தப்புகிறதே: நீச்சல் குளத் தண்ணீர் கேள்வி பதில்

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் பண்ணை வீடுகளிலும் தங்கும் விடுதிகளிலும் நீச்சல் குளம் பார்த்துக்கொள்வது என் தொழில். வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் சேர்த்துவிட்டேன்.

மன்னார்குடி: அண்ணா, தண்ணீர் லேசாகப் பச்சை தட்டியது என்று ராத்திரி பிளீச்சிங் பவுடர் தாராளமாகப் போட்டேன். காலையில் குளோரின் அளவு பார்க்கும் டிபிடி மாத்திரையைச் சோதனைத் தண்ணீரில் போட்டால் நிறமே வரவில்லை. இன்னும் கொஞ்சம் போடவா?

போடாதீர்கள் தம்பி. மாத்திரை கரையும்போது ஒரு ரோஸ் கீற்று வந்து சட்டென்று மறைந்ததா? குளோரின் பட்டால் டிபிடி ரோஸ் ஆகும். ஆனால் குளோரின் 10 பிபிஎம்மை (லிட்டருக்கு 10 மில்லிகிராம்) தாண்டிப் போனால் அந்த ரோஸையே வெளுத்துவிடும். பிளீச்சிங் பவுடரின் வேலையே வெளுப்பதுதானே! தொழிலுக்கு வந்த புதிதில் பாபநாசம் பக்கம் ஒரு பண்ணை வீட்டில் நானும் பூஜ்யம் என்று நம்பி மேலே ஒரு கிலோ கொட்டினேன். பிள்ளைகளுக்குக் கண் சிவந்துபோய், வீட்டுக்காரர் அடுத்த மாதம் என்னைக் கூப்பிடவே இல்லை.

குளத்துத் தண்ணீர் ஒரு பங்கு, ஆர்ஓ தண்ணீர் நான்கு பங்கு கலந்து சோதியுங்கள். வரும் எண்ணை 5ஆல் பெருக்கினால் உண்மை தெரியும். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கலாம். 3 பிபிஎம்முக்கு இறங்கும்வரை யாரையும் குளிக்க விடாதீர்கள்.

இன்னொன்று: அன்றைக்குப் பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மை) பார்க்கும் சொட்டையும் நம்பக்கூடாது. குளோரின் மிஞ்சினால் அந்தச் சொட்டில் இருக்கும் பீனால் ரெட் சாயம் ஊதாவாகிவிடும். பிஎச் ஏறிவிட்டதென்று நினைத்து ஆசிட்டை ஊற்றிவிடுவார்கள். உண்மையில் பிஎச் சரியான அளவான 7.4இலேயே இருந்திருக்கலாம்.

மயிலாடுதுறை: சார், தண்ணீரை எந்த இடத்தில் எடுப்பது? படிக்கட்டில் ஒரு எண், ஆழத்தில் ஒரு எண் வருகிறது.

மோட்டார் அரை மணி நேரமாவது ஓடட்டும். பில்டரிலிருந்து தண்ணீர் திரும்பி விழும் வாயிலிருந்து தள்ளியே நில்லுங்கள். பாட்டிலைக் குளத்துத் தண்ணீரிலேயே இரண்டு மூன்று முறை அலசி, வாய் கீழே பார்க்கக் கவிழ்த்து, முழங்கை முங்கும் ஆழத்தில் திருப்பி எடுங்கள். மேலாக மொண்டால் வெயில் குடித்த தண்ணீர்தான் வரும். எடுத்ததும் அங்கேயே நிழலில் உட்கார்ந்து சோதித்துவிடுங்கள். காபி குடித்துவிட்டு வந்தால் எண் மாறியிருக்கும்.

கும்பகோணம்: மஞ்சள் நிறம் காட்டும் கிட் மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

அது மொத்தக் குளோரினை மட்டும் காட்டும். கிருமியைக் கொல்லத் தயாராக இருக்கும் குளோரின் எவ்வளவு, வியர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து வேலை ஓய்ந்தது எவ்வளவு என்று அதற்குப் பிரிக்கத் தெரியாது. மூக்கைத் துளைக்கும் அந்த 'குளோரின் வாசனை' பெரும்பாலும் ஓய்ந்த குளோரினுடையதுதான். டிபிடி கிட் வாங்குங்கள்.

வேதாரண்யம்: டிடிஎஸ் மீட்டர் இருக்கிறது. அதை வைத்துக் குளோரின் பார்க்கலாமா?

முடியாது. கரைந்திருக்கும் உப்பைத்தான் சொல்லும், குளோரின் எவ்வளவு என்று சொல்லாது.

திருத்துறைப்பூண்டி: போர் தண்ணீர் பளிங்கு மாதிரி வந்தது. குளோரின் போட்டதும் டீ டிக்காஷன் நிறமாகிவிட்டது!

இரும்பு. தண்ணீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, குளோரின் பட்டதும் துருவாக வெளியே வந்துவிட்டது. அடுத்த முறை நிரப்புவதற்கு முன்னால் ஒரு வெள்ளை வாளியில் போர் தண்ணீர் பிடித்து, ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடர் போட்டு ராத்திரி வைத்துவிடுங்கள். காலையில் அடியில் பழுப்பு படிந்திருந்தால் அந்தத் தண்ணீரை அப்படியே குளத்துக்கு விடாதீர்கள். இப்போதைக்கு மோட்டாரை விடாமல் ஓட்டி, பில்டரை அடிக்கடி பேக்வாஷ் செய்யுங்கள் (தண்ணீரை எதிர்த் திசையில் விட்டு அலசுவது).

பட்டுக்கோட்டை: குளோரின் 3 பிபிஎம் காட்டுகிறது, ஆனாலும் பாசி பிடிக்கிறது. வருஷக்கணக்காக டிசிசிஏ என்ற குளோரின் மாத்திரைதான் போடுகிறோம்.

அங்கேதான் விஷயம். அந்த மாத்திரையோடு சயனூரிக் அமிலமும் சேர்ந்து உள்ளே போகிறது. வெயிலில் குளோரின் பறந்துபோகாமல் அது காக்கும், 30 முதல் 50 பிபிஎம் வரை நல்லதுதான். ஆனால் அது ஆவியாகாது, சேர்ந்துகொண்டே போகும். 100ஐத் தாண்டினால் குளோரின் இருந்தும் கை கட்டிக்கொண்டு நிற்கும். சயனூரிக் அமிலம் பார்க்கும் கிட்டில், தண்ணீர் கலங்கி அடியில் உள்ள கரும்புள்ளி மறையும் குழாயில் சோதித்துப் பாருங்கள். அதிகமாக இருந்தால் கொஞ்சம் தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவதுதான் வழி. இந்த மாத்திரையையும் பிளீச்சிங் பவுடரையும் ஒரே மக்கில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

நாகப்பட்டினம்: ஐப்பசி வந்தாலே தண்ணீரில் முக்கிப் பார்க்கும் சோதனை ஸ்ட்ரிப் எல்லாம் ஒரே நிறம் காட்டுகிறது, அண்ணா.

ஈரக்கையோடு டப்பாவில் கை விட்டிருப்பீர்கள். மழை ஈரமும் சேர்ந்தால் கெட்டுவிடும். அந்த டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்குங்கள், தேதி பார்த்து. மோட்டார் ரூமில் வைக்க வேண்டாம்.