வலை தண்ணீரைத் தொடுவதற்கு முன்

ஐயா, வணக்கம்.

மகள் பத்தாம் தரம் படிக்கிறாள். ரொக்கெட் நெருப்பால் நிலத்தை உதைத்துத்தான் எழும்புகிறது என்று அவளுக்குச் சொல்லிவிட்டேன். "அப்ப மேல போனாப் பிறகு எதை உதைக்கும்?" என்று கேட்கிறாள். தோணியில் தண்டு வலிப்பதற்கும் தண்ணீர் வேண்டுமே! என்ன சொல்ல?

வாசகி, களுவாஞ்சிகுடி

அம்மா,

உங்களைக் குழப்புவது அந்தத் தண்டுதான். தண்டுக்குத் தண்ணீர் வேண்டும், விமானத்துக்குக் காற்று வேண்டும். ரொக்கெட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

ஆனால் தோணியை விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் விடியப்புறம் நின்றால், வாவியில் வீச்சுவலை எறிகிறவர்களைக் காணலாம். சின்னத் தோணியில் எழுந்து நின்று, ஈயக்குண்டு கோத்த வலையைத் தோளில் எடுத்து, இடுப்பைத் திருப்பி வீசுவார்கள். எல்லோரும் வலை விரிவதைப் பார்ப்பார்கள். நான் தோணியைப் பார்ப்பேன். வலை இன்னும் அந்தரத்தில் நிற்கும்போதே தோணி பின்னுக்கு வழுக்கிவிடும். வலை அப்போது எதையும் உதைக்கவில்லை. எறிந்த கையை வலை திருப்பித் தள்ளியது, அவ்வளவுதான். கரையில் நின்று எறிந்தால் நிலம் காலைப் பிடித்துக்கொள்ளும், அதனால் தெரியாது.

ரொக்கெட் எறிவது வாயு. எரியும் அறைக்குள் வாயு எல்லாப் பக்கமும் அமுக்குகிறது. பக்கச் சுவர்களில் விழும் அமுக்கம் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும். கீழே துவாரம், மேலே கூரை. கூரையைத் தள்ளுவதற்கு எதிரே ஈடுகொடுக்க ஒன்றுமில்லை. வெளியில் இருக்கும் காற்று உண்மையில் இடைஞ்சல்தான். வெற்றிடத்தில் அதே எஞ்சினின் உதைப்புக் கூடும்.

மகளுக்கு ஒரு கணக்கு. சந்திரனுக்குப் போன சட்டர்ன் 5 ரொக்கெட்டின் முதற்கட்டம் செக்கனுக்கு ஏறக்குறைய 13 தொன் வாயுவைச் செக்கனுக்கு 2.6 கிலோமீற்றர் வேகத்தில் எறிந்தது. 13ஐ 2,600 மீற்றரால் பெருக்கி, புவியீர்ப்புக்காகப் பத்தால் வகுக்கச் சொல்லுங்கள்: சுமார் 3,400 தொன் பாரத்தைத் தூக்கும் விசை வரும். ரொக்கெட்டின் பாரமோ 2,900 தொன் அளவில்தான். மீனவர் வலையை இழுத்து மறுபடி எறிவார். ரொக்கெட்டுக்கு எறிந்தது எறிந்ததுதான். அதனால் எழும்பும்போது அதன் பாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எறிவதற்கான சரக்காகவே இருந்தது.

நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1920 ஜனவரியில் நியூயோர்க் ரைம்ஸ் இதே தவறைச் செய்தது. வெற்றிடத்தில் ரொக்கெட்டுக்கு உதைக்க ஏதுமில்லை, ரொக்கெட் ஆராய்ச்சியாளர் ரொபேர்ட் கொடார்டுக்குப் பள்ளிக்கூடத்து அறிவுகூட இல்லை என்று ஏளனமாக எழுதியது. அவரோ காற்றை அகற்றிய குழாய்க்குள் ரொக்கெட்டை எரித்து அளந்தே பார்த்திருந்தார். சந்திரனுக்கு அப்பலோ 11 புறப்பட்ட மறுநாள், 1969 ஜூலை 17 அன்றுதான் பத்திரிகை திருத்தம் வெளியிட்டது. கொடார்ட் 1945இலேயே இறந்துவிட்டார்.

நிலத்தை உதைக்கிறது என்று சொன்னதை மட்டும் இன்று இரவே மகளிடம் திருத்திவிடுங்கள். 49 வருடம் எடுக்க வேண்டாம்.