ஏழு மணி டூட்டி, மூன்று மணி வரை கேஸ் ஷீட்

"ராமநாதபுரம் மாவட்டம் மண்டபம் பக்கம் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். காலை டூட்டியில் 28 படுக்கைக்கு நாங்கள் இரண்டே பேர். ஒரு மணிக்கு டூட்டி முடிந்தாலும், கேஸ் ஷீட் எழுதிவிட்டுக் கிளம்ப மூன்றாகிறது. நான்தான் மெதுவா, மேடம்?"

இல்லையம்மா. 28 படுக்கைக்கு இரண்டு பேர் என்பது ஆள் பற்றாக்குறை. அதை மேலே எழுதிக் கேளுங்கள். ஆனால் அந்த இரண்டு மணி நேரத்தில் கொஞ்சத்தை நாமே மீட்கலாம்.

டூட்டி மாற்றும்போது ஒரு தாளில் வேலைகளைக் குறியுங்கள், படுக்கை வரிசையில் அல்ல, மணி வரிசையில். தள்ளிப்போட முடியாதவை முதலில்: சாப்பாட்டுக்கு 30 நிமிடம் முன் போடும் ரெகுலர் இன்சுலின், எட்டு மணி ஆன்டிபயாட்டிக், ரத்தம் ஏற்றினால் முதல் 15 நிமிடம் பக்கத்திலேயே நிற்பது. வைட்டமின் மாத்திரை ஒரு மணி நேரம் முன்பின் ஆனால் ஒன்றும் ஆகாது. நாமோ ஒன்றாம் படுக்கையில் தொடங்குகிறோம். இருபதாம் படுக்கைப் பாட்டி இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது ஊசியோடு போய் நிற்கிறோம்.

நம் கரையில் இன்னொன்று. படகு திரும்பும் காலையில் திருக்கை முள் குத்திய கேஸ் வந்தால் இரண்டு பேருமே அங்கே ஓடிவிடுவோம். முள் நெஞ்சிலோ வயிற்றிலோ கழுத்திலோ இருந்தால் பிடுங்காமல் டாக்டரைக் கூப்பிடுங்கள், மற்றதெல்லாம் நிற்கட்டும். காலில் என்றால், ரத்தம் நின்றதும் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாளி, 45 டிகிரிக்கு மேல் வேண்டாம். சூட்டை உங்கள் கையால் பாருங்கள்; வலியில் துடிப்பவருக்குச் சூடு தெரியாமல் கால் வெந்துபோகும். வலி அடங்க அரை மணியிலிருந்து ஒன்றரை மணி வரை ஆகலாம். டாக்டர் பார்த்தபின், கூட வந்தவரைப் பக்கத்தில் உட்கார வைத்து, அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொண்டே இன்சுலினை முடித்துவிடலாம்.

அப்புறம் எழுத்து வேலை. பி.பி. பார்த்த கையோடு கட்டில் ஓரத்திலேயே எழுதுங்கள். நான் ஒருநாள் மூன்று பேருடைய பி.பி.யை உள்ளங்கையில் குறித்துக்கொண்டு போய்க் கை கழுவிவிட்டேன். மறுபடி மூன்று பேரிடமும் போனேன்.

மருந்து கொடுக்கும் அரை மணி நேரம் ஒருவர் கையில் மட்டும் ட்ரே இருக்கட்டும், அவரிடம் யாரும் பேச வேண்டாம். போன், புது அட்மிஷன், "சிஸ்டர், டிரிப் முடிஞ்சிருச்சு" எல்லாம் இன்னொருவருக்கு. மறுநாள் மாற்றிக்கொள்ளுங்கள்.