ஆர்தர் சீட்டன் ஏன் கொடி பிடிக்கவில்லை?

வணக்கம்.

ஆங்கில எழுத்தாளர் ஆலன் சில்லிட்டோவின் 'சாட்டர்டே நைட் அண்ட் சண்டே மார்னிங்' படித்தேன். தொழிலாளி வர்க்க நாவல் என்கிறார்கள். ஆனால் நாயகன் ஆர்தர் சீட்டன் குடிக்கிறான், சண்டை போடுகிறான், கூட வேலை செய்யும் ஜாக்கின் மனைவியோடு உறவு வைத்திருக்கிறான். போராட்டம் என்று எதுவுமே இல்லை. இதை எழுதியபோது சில்லிட்டோ ஸ்பெயினில் இருந்தாராம். இதில் எங்கே இருக்கிறது வர்க்கம்?

ஒரு வாசகர், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

ஆர்தர் லேத்தில் நிற்கும் பக்கங்களை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். அவனுக்கு பீஸ் ரேட் கூலி, அதாவது செய்து முடிக்கும் ஒவ்வொரு உருப்படிக்கும் இவ்வளவு என்று; வாரம் 14 பவுண்டு வரை வரும். முழு வேகத்தில் ஓட்டினால் இன்னும் கிடைக்கும்தான். ஆனால் அடுத்த வாரமே ரேட்டைக் குறைத்துவிடுவார்கள். அதனால் எவ்வளவு ஓட்டலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டே வேலை செய்கிறான். கை பழகிவிட்டதால் மனம் கண்டதையும் நினைத்துக்கொண்டிருக்கிறது. முதலாளிக்கும் அவனுக்கும் நடக்கும் சண்டை இங்கேதான் இருக்கிறது, தினமும், சத்தமில்லாமல். நீங்கள் சொல்லும் அந்த உறவுகூட ஷிப்டைப் பொறுத்ததுதான்: ஜாக் இரவு வேலைக்குப் போனால் ஆர்தருக்கு வசதி.

இதெல்லாம் சில்லிட்டோ வெளியிலிருந்து பார்த்து எழுதியதில்லை. 1928இல் நாட்டிங்காமில் பிறந்தவர். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பாதி நாள் வேலையும் கிடையாது. மகன் 14 வயதில் பள்ளியை விட்டு ராலே ஆலைக்குப் போனார். (ஆமாம், நம் தாத்தாக்கள் துடைத்துத் துடைத்து வைத்திருந்த அதே ராலே சைக்கிள்.) பிறகு விமானப்படையில் சேர்ந்து மலாயாவில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தார். ஊர் திரும்பியதும் காசநோய். மருத்துவமனையில் படுத்த அந்த மாதங்களில்தான் வெறிபிடித்தாற்போல் படித்தார், எழுதத் தொடங்கினார். நோய்க்காகக் கிடைத்த பென்ஷன் கொஞ்சம்தான். ஆனால் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் அதை வைத்துக்கொண்டு பிழைக்க முடிந்தது. கூடவே கவிஞர் ரூத் ஃபெய்ன்லைட், பின்னால் அவர் மனைவி. ஆக, ஸ்பெயினுக்குப் போனது சொகுசுக்காக இல்லை. உனக்குத் தெரிந்த நாட்டிங்காமை எழுது என்று அவரிடம் சொன்னவர் அதே தீவில் இருந்த ஆங்கிலக் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ். ஆலையிலேயே இருந்திருந்தால் எழுத நேரமும் தெம்பும் மிஞ்சியிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

போராட்டம் இல்லை என்ற குறைக்கு வருகிறேன். தேர்தலில் ஆர்தர் கம்யூனிஸ்டுக்கு ஓட்டுப் போடுகிறான். அதுவும் வயது வராதபோது, அப்பாவின் ஓட்டை! காரணம் கேட்டால், தோற்கிற ஆளுக்கு உதவி செய்யப் பிடிக்கும் என்கிறான். இவனை எந்தக் கட்சி மேடையில் ஏற்றுவது? சில்லிட்டோவும் ஏறக்குறைய அப்படித்தான். அந்தக் காலத்து இளம் ஆங்கில எழுத்தாளர்கள் சிலருக்கு 'கோபக்கார இளைஞர்கள்' என்று பத்திரிகைகள் ஒட்டிய பெயர் அவருக்குப் பிடிக்கவில்லை. சோவியத் நாட்டில் அவரைக் கொண்டாடி அழைத்தார்கள். அங்கே போய் மனித உரிமையைப் பற்றிப் பேசினார்.

எனக்கு அந்த நாவலில் உள்ள குறை வேறு. ஜாக்கின் மனைவி பிரெண்டாவின் கருவைக் கலைக்க ஜின்னும் வெந்நீரும் வைத்து நடக்கும் அந்த இரவில், கொடுமையை அனுபவிப்பவள் அவள். நாவல் ஆர்தரின் தோளை விட்டு நகர்வதே இல்லை. 1960இல் வந்த படத்தில், தணிக்கைக்குப் பயந்து அதையும் மழுப்பிவிட்டார்கள்.

சிறுகதைகளில் அவர் இன்னும் கூர்மை. 1959இல் வந்த தொகுப்பில் நெடுந்தூர ஓட்டக்காரன் கதையை எல்லோரும் சொல்வார்கள். நீங்கள் 'அங்கிள் எர்னஸ்ட்' கதையிலிருந்து தொடங்குங்கள். தனியாக வாழும் ஒரு மெத்தை தைப்பவர், ஓட்டலில் பார்த்த இரண்டு ஏழைச் சிறுமிகளுக்குச் சாப்பாடு வாங்கித் தருகிறார். அதற்கு ஊர் என்ன செய்கிறது என்பதுதான் கதை. படித்துவிட்டு எழுதுங்கள்.